கேட்ட நேரம்

என் அண்ணிக்குப் பாம்புச்செவி. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியவளின் புகாராகத்தான் சொல்கிறேன். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் குசுகுசுவென்று ஒரு யோசனை பேசிக்கொண்டிருப்போம். கீழே அடுப்படியிலிருந்து, "நாத்தனாரே, அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று குரல் வரும்.

அந்தக் காதுக்குத்தான் அரசாங்கம் இருபத்தொரு வருஷமாகச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு ராணுவ உளவுத்துறையில் வேலை. சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டு, நம் மொழியில் எழுதிக் கொடுப்பாள். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவளும் பேசியதில்லை. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளியான பிறகுதான் எங்களுக்கே முழுக்கதையும் தெரிந்தது. நான் சொல்லப்போவது அந்த அறிக்கையில் இருப்பதும், அதன் பிறகு அண்ணி சொன்னதும், எங்கள் மருந்துக்கடைக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஜீப் டிரைவர் சொன்னதும்.

அவள் ஆபீஸ் காய்கறி மண்டிக்குப் பின்னால் இருந்த மேட்டில், கூரையெல்லாம் கம்பிக் கூடுகளோடு நின்றது. வாசல் பலகையில் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று மட்டும் எழுதியிருக்கும். ஆனால் மண்டி முக்கு வந்தால் பஸ் கண்டக்டர், "ரகசிய ஆபீஸ் எல்லாம் எறங்கு!" என்று கத்துவார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு இறங்குவாள்.

அண்ணியின் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பிறந்து, இந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் அந்த மொழி அண்ணிக்குத் தாய்ப்பாலோடு வந்தது. வேலைக்கான நேர்காணலில் ஒரு அதிகாரி கேட்டாராம்: "உங்க அம்மா அந்தப் பக்கத்து ஆளு. உங்களை எப்படி நம்பறது?"

"அந்த மொழி தெரிஞ்ச ஆளு வேணும்னுதானே விளம்பரம் போட்டீங்க? அது தெரியணும்னா யாராவது ஒரு அம்மா அந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கணும் சார்" என்றாளாம் அண்ணி. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

வேலை நடக்கும் கூடத்தில் முப்பது நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு மேஜை, ஒரு ஹெட்போன், ஒரு பதிவுக் கருவி, ஒரு கட்டுப் படிவம். நாற்காலிக்கு ஓர் அலைவரிசை. அண்ணி சேர்ந்த காலத்தில் பகலில் முப்பதும் நிரம்பியிருக்கும். எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களின் முகம் தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, இருமலையும் பெருமூச்சையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒருவனுக்கு அண்ணி 'மூக்கடைப்பு' என்று பேர் வைத்திருந்தாள். அவனுக்கு எப்போதும் ஜலதோஷம். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததை அவன் கூட்டாளிகளுக்குச் சொன்ன அன்றே அண்ணிக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு தலைநகரத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. 'சிறப்புப் பணி' என்று இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். திரும்பவில்லை. அடுத்து நாலு பேர், பிறகு மூன்று பேர். இப்படியே உருவி உருவி, கடைசியில் பகல் ஷிஃப்டில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். ஆனால் காகிதத்தில் முப்பது பேரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். வருஷாவருஷம் நாடாளுமன்றமும் எல்லைக் காவலுக்கு முப்பது பேர் என்றுதான் அனுமதித்தது. காலி நாற்காலிகளின் முன்னால் கருவி மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கும். அதை யாராவது கை ஓய்ந்தபோது கேட்பார்கள்.

"கேக்க ஆள் இல்லாம பதிவு பண்றது, படிக்க ஆள் இல்லாத வீட்டுல கடுதாசியைக் கதவுக்கடியில தள்ற மாதிரி சார்" என்று அண்ணி மேலதிகாரியிடம் சொன்னாள். அவரை எல்லாரும் கர்னல் என்றே அழைப்பார்கள். ஆள் கெட்டவர் இல்லை. அவரும் ஆரம்பத்தில் ஆள் கேட்டு எழுதிப் பார்த்தவர்தான். 'வாயை மூடிக்கொண்டு இருந்தால் அடுத்த பதவி உயர்வு' என்று மேலிடத்தில் ஜாடையாகச் சொன்ன பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். அண்ணி நிறுத்தவில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்தது. இருபத்தேழு கடிதம்.

இருபத்தேழாவது கடிதம் போன வருஷம், மழை முடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை, எல்லையில் ஆற்றோரப் பாதையில் ரோந்து போன ஆறு சிப்பாய்களில் நாலு பேர் கண்ணிவெடியில் செத்துப்போனார்கள். உடல்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது அந்த ஜீப் டிரைவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், 'முன்கூட்டியே எந்தத் தகவலும் கிடைக்கவில்லை' என்று உளவுத்துறைத் தலைவர் சொன்னதாகப் போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணி தன் அலைவரிசை ஓய்ந்திருந்த நேரத்தில், பக்கத்துக் காலி நாற்காலிக்கு நகர்ந்து, தேங்கிக்கிடந்த பதிவுகளை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தாள். பத்து நாற்பதுக்கு மூக்கடைப்பின் குரல் வந்தது. 'ஆத்தோரப் பாதையில சாமான் பொதைச்சாச்சு. நம்ம ஆளுங்க யாரும் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீங்க.'

பதிவான நேரத்தைப் பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து.

மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாளாம். செவ்வாய்க்கிழமை இரண்டு பத்துக்கு அவள் அதே கூடத்தில், அடுத்த நாற்காலியில், வேறு யாரோ டீசல் பீப்பாய் எண்ணுவதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவன்மேல கோவம் வரலையா அண்ணி?" என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"அவன் வேலையை அவன் ஒழுங்காச் செஞ்சான்மா. என் வேலையை என்னைச் செய்ய விடலை. கோவம் அங்கதான் வந்துச்சு."

படிவத்தில் 'பதிவான நேரம்' என்று ஒரு கட்டம்தான் உண்டு. அண்ணி அதன் பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொரு கட்டம் போட்டு, 'கேட்ட நேரம்: திங்கள், காலை 10.40' என்று எழுதிக்கொண்டு போய் கர்னலின் மேஜையில் வைத்தாள்.

அவருக்கு அன்று கண்ணாடி கையில் இல்லை. "கெட்ட நேரமா? என்னம்மா இது, ஜோசியம் எழுதியிருக்கே?"

"அப்படியும் வச்சுக்கலாம் சார். முழுசாப் படிங்க."

தாளைக் கண்ணருகில் பிடித்துப் படித்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "பதிவு தெளிவில்லைன்னு எழுதிக் கொடுத்துடு" என்றார்.

"கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு சார்."

"தலைவர் ஊருக்கே சொல்லிட்டார், தகவல் இல்லைன்னு. நீ இதை எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

"நாலு பேர் செத்ததுக்கு அப்புறம் இன்னும் என்ன ஆகணும்?"

படிவத்தை அவர் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த நாளும் அண்ணி அதே பதிவைக் கேட்டு, அதே படிவத்தை இன்னொரு பிரதி எழுதிக் கொண்டுபோனாள். அதற்கடுத்த நாளும். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டதற்கு, "பதிவை அழிக்க மேலிட உத்தரவு வேணும் சார். உத்தரவை எழுத்துல வாங்கிட்டு வாங்க, நிறுத்திடறேன்" என்றாள். அப்படி ஒரு உத்தரவை எழுத்தில் கொடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? இழுப்பறையில் பதினோரு பிரதிகள் சேர்ந்துவிட்டன.

இதற்கிடையில் நாலு சாவைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கிளம்பி, உளவுத்துறையைக் கவனிக்கும் மேற்பார்வைக் குழு நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. குழுத் தலைவி ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். எம்.பி. ஆன பிறகும் எல்லாருக்கும் டீச்சரம்மாதான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் கர்னல் கூடத்துக்கு வந்து அறிவித்தார். காலி நாற்காலிகள் இருபத்தொன்றிலும் மறுநாள் ஆள் உட்காரும்: ஜீப் டிரைவர்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர், தட்டச்சு செய்யும் பெண்கள். எல்லார் தலையிலும் ஹெட்போன், கையில் பேனா. "யாரும் வாயைத் திறக்க வேண்டாம். நான் பேசிக்கறேன்." கடைசி வரியை அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"நாளைக்கு எனக்கு வேலை போகலாம்."

"ஏன்?"

"சொல்லக்கூடாது."

"சரி. சொல்லக்கூடியதை மட்டும் சொல்லு."

அண்ணி யோசித்தாள். "ஒரு பொய்க்கு நடுவுல உக்காரச் சொல்றாங்க."

அண்ணன் சமையலறைக்குப் போய் இரண்டு டீயோடு வந்தான். "உன்னைக் கட்டிக்கிட்டு இருபது வருஷம் ஆச்சு. உன்கிட்ட நான் சொன்ன ஒரு பொய்யும் ஒரு நாளுக்கு மேல தாங்கினதில்லை. அவங்களுக்கு அது தெரியலை, பாவம்" என்றான். பிறகு, "வேலை போனா போகுது. லிஃப்ட் மாட்டிக்கிட்டவங்க கத்துறது எந்த மாடியில இருந்துன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றான். அண்ணி சிரித்துவிட்டாள்.

அண்ணி விதிப்புத்தகத்தை வரி விடாமல் படித்தவள். அதில் ஒன்று இருந்தது: மேற்பார்வைக் குழு உறுப்பினர் கேட்டால், துறையில் யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கேட்காமல் தானாகச் சொன்னால் குற்றம். ஆக, அவள் பேச வேண்டுமானால் அவர்கள் கேட்க வேண்டும்.

மறுநாள் டீச்சரம்மா நாலு உறுப்பினர்களோடு கூடத்துக்குள் வந்தார். முப்பது நாற்காலியும் நிரம்பி, முப்பது தலையும் குனிந்திருந்தன. "பார்த்தீங்களா அம்மா, அனுமதிச்ச முப்பது பேரும் வேலையில இருக்காங்க" என்றார் கர்னல். ஒவ்வொரு மேஜையாக அழைத்துப் போனார். அண்ணியிடம் வந்ததும் டீச்சரம்மா நின்று, "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இருபத்தொண்ணு" என்று கர்னல் பதில் சொன்னார்.

"வேலை கஷ்டமா?"

"பழகிடுச்சு அவங்களுக்கு" என்றார் கர்னல்.

டீச்சரம்மா நகரப் போனார். அண்ணி எழுந்து நின்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது என்பது டிரைவரின் சாட்சியம்.

"அம்மா, என்கிட்ட கேட்டாச்சு. பக்கத்துல இருக்கறவர்கிட்டயும் கேளுங்க, அவருக்கு என்ன கேக்குதுன்னு."

பக்கத்து நாற்காலியில் இருந்தது ஜீப் டிரைவர். கர்னல் குறுக்கே வந்தார். டீச்சரம்மா வகுப்பில் பையனை அடக்குவதுபோல ஒரு கையை உயர்த்தினார். "என்ன கேக்குது உங்களுக்கு?"

டிரைவர் கர்னலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார். "கொர்ருன்னு கேக்குதும்மா."

"என்ன மொழி?"

"தெரியாதுங்க. நான் ஜீப் ஓட்டுறவன். அந்த நாலு பேரையும் மலையில இருந்து இறக்கிட்டு வந்தவன் நான்தான். இந்த நாற்காலியில இன்னைக்குத்தான் உக்கார்றேன். உக்காரவே கூசுதும்மா."

பின்வரிசையில் ஒரு சமையல்காரர் தானாக ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் தோட்டக்காரர். ஒவ்வொன்றாக இருபத்தொன்றும் மேஜைக்கு வந்தன.

டீச்சரம்மா அண்ணியிடம் திரும்பினார். "இப்ப உங்ககிட்ட கேக்கறேன். அந்த நாலு பேர் செத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இங்க என்ன நடந்துச்சு?"

கேள்வி வந்துவிட்டது. பூட்டிய அறைக்குள் அண்ணி இரண்டு மணி நேரம் பதில் சொன்னாள். இழுப்பறையின் பதினோரு பிரதிகளும் மேஜைக்கு வந்தன. மற்ற இருபத்தொரு பேர் தலைநகரத்தில் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும், "எனக்குத் தெரியாதும்மா. என்கிட்ட ஊகம் கேக்காதீங்க, அவங்ககிட்ட விவரம் கேளுங்க" என்றாள்.

அடுத்த நாளே சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு மெமோவை நான் என் கண்ணால் படித்தேன். 'குழுத் தலைவரைக் கேள்வி கேட்கத் தூண்டினார்' என்று இருந்தது. அண்ணன் அதைப் படித்து, "இது குத்தம்னா நம்ம வீட்டுல எல்லாரும் உள்ள போகணும்" என்றான்.

ஏழு மாதம் அண்ணி வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்தில் முகம் திருப்பினார்கள். 'அந்தப் பக்கத்து ரத்தம், வேற எப்படி இருக்கும்' என்று யாரோ சொன்னது, வழக்கம்போல, அவள் காதில் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள். "என் அம்மாவைப் பத்தி ஏதோ பேசிட்டிருந்தீங்க. முடிங்க, கேட்டுட்டுப் போறேன்." அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அதைப் பேசவில்லை, பேசினாலும் இன்னும் மெதுவாகப் பேசியிருப்பார்கள்.

துறையிலிருந்து ஒருவர் வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் உடனே வேலையில் சேரலாம் என்றார். "யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அந்த நாலு குடும்பத்துக்கிட்டன்னா இப்பவே எழுதறேன். விலாசம் கொடுங்க" என்றாள். அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அந்த நாலு பேரில் ஒருவரின் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். டியூட்டி உடையிலேயே வந்திருந்தாள். குழுவின் அறிக்கையை மேலிடம் வெளியிடாமல் கிடப்பில் போட்டிருந்த சமயம் அது.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சா?"

சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சொன்னால் ஜெயில். நான் வாசல்படியில் நின்றுகொண்டு, சொல்லாதீங்க அண்ணி என்று கண்ணால் கெஞ்சினேன்.

"மூணு நாள் முன்னாடியே வந்திருந்துச்சும்மா" என்றாள் அண்ணி.

"நீங்க கேட்டிருந்தா?"

"போயிருக்க மாட்டாங்க."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து நாற்காலியில."

அந்தப் பெண் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அண்ணி அசையவில்லை, அடித்தாலும் வாங்கிக்கொள்ள நின்ற மாதிரிதான் நின்றாள். கடைசியில் அந்தப் பெண், "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் ஆறுதல் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் பதில் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுவாரம் நாலு குடும்பமும் நாடாளுமன்ற வாசலில் போய் உட்கார்ந்தன. கையில் ஒரே அட்டை: 'அறிக்கையைக் காட்டு.' மழையிலும் நகரவில்லை. பன்னிரண்டாவது நாள் அறிக்கை வெளியானது. பாதி வரிகளில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியே போதுமானதாக இருந்தது. எல்லையிலிருந்து உருவிய இருபத்தொரு பேரும் தலைநகரத்தில் தொழிற்சங்கக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், மேற்பார்வைக் குழுவிலேயே மூன்று உறுப்பினர்கள் ஆகியோரின் டெலிபோனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவர் டீச்சரம்மா. "என் தங்கச்சியோட முட்டிவலியை மூணு பேர் உக்காந்து எழுதியிருக்காங்க. எல்லையில நாற்காலி காலி" என்று அவர் சபையில் பேசியது எல்லாப் பேப்பரிலும் வந்தது.

நினைத்ததெல்லாம் நடந்துவிடவில்லை. உளவுத்துறைத் தலைவர் ராஜினாமா செய்தார். ஆறு மாதத்தில் வேறெங்கோ ஆலோசகர் ஆகிவிட்டார். கர்னலை மாற்றினார்கள். எங்கே என்பதும் கறுப்பு மைக்குள் போய்விட்டது. இருபத்தொரு பேரில் பதினான்கு பேர் திரும்பி வந்தார்கள். ஆனால் ஒரு சட்டம் வந்தது. எந்த நாற்காலியில் யார், எந்த ஊரில் என்று பெயர்வாரியாகக் குழுவுக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷத்துக்கு ஒரு ஆளும் கிடையாது, ஒரு கருவியும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓர் உறுப்பினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணுவார்.

அண்ணிமீது நடந்த விசாரணையில், அவள் விதியை மீறவில்லை என்றே முடிவானது. ஆனாலும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கண்டனக் குறிப்பு கொடுத்துத்தான் வேலைக்குச் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். டிக்கெட் கவுண்டர்ப் பெண்ணிடம் அவள் பேசியது அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அண்ணி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வேலையில் மறுபடி சேர்ந்த நாளன்று, புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி அந்தக் கண்டனக் குறிப்பை மேஜையில் வைத்து, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். அடியில் ஏற்கெனவே 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. அண்ணி பேனாவை எடுத்து அதைக் குறுக்கே அடித்தாள். மேலே 'பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி படித்துப் பார்த்தார். "இது செல்லாதே அக்கா."

"அப்ப இன்னொரு தாள் கொண்டுவாங்க மேடம். அதுலயும் இதையேதான் எழுதுவேன்."

அதிகாரி அந்தத் தாளை மடித்துக் கோப்பில் செருகிவிட்டு, "எட்டாவது நாற்காலி உங்களுக்கு. ஷிஃப்ட் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார்.